வெள்ளம் வரும் மாநிலத்தில் வீட்டுக் காப்புறுதி

ஜொகூரில் வங்கிக் கடனில் வீடு வாங்கியவர்களிடம் பெரும்பாலும் ஒரு காப்புறுதிப் பத்திரம் இருக்கும். வங்கி கேட்டதால் எடுத்தது. கடன் கோப்போடு அலமாரிக்குள் போய்விட்டது. அது வெறும் தீக் காப்புறுதியாக இருந்தால் தீ, மின்னல், சமையல் எரிவாயு வெடிப்பு ஆகியவற்றோடு அதன் பொறுப்பு முடிந்துவிடும். கூடத்தில் மூன்றடித் தண்ணீர் ஏறிக் குளிர்சாதனப் பெட்டி மிதந்தாலும் அந்தப் பத்திரத்திலிருந்து ஒரு சென்கூடக் கிடைக்காது. எம்ஆர்டிஏ எனப்படும் கடன் காப்புறுதி இருக்கிறதே என்று நினைப்பவர்களும் உண்டு. அது கடன் வாங்கியவர் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ வங்கிக் கடனை அடைக்கும். சுவரையோ கூரையையோ அது அறியாது.

ஆகவே எந்தக் காப்புறுதி மலிவு என்று பார்ப்பதற்கு முன், எந்த ஆபத்துக்காக அது எடுக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஜொகூரின் கடந்த கால் நூற்றாண்டே போதிய பாடம். இம்மாநிலத்தைத் தாக்கிய ஒவ்வொரு பேரிடரும் காப்புறுதிப் பத்திரத்தின் ஏதோ ஒரு வரியைத் தொட்டுச் சென்றிருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீள்கிறது. 2006 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கொட்டிய மழை சிகாமட், கோத்தா திங்கி, குளுவாங், மூவார், பத்து பகாட் என மாநிலத்தின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. தண்ணீர் வடிந்து, மக்கள் வீட்டைக் கழுவி, நனைந்ததைத் தூக்கி எறிந்து, புதிதாக வாங்கி வைத்த நேரத்தில், 2007 ஜனவரியில் இரண்டாவது அலை வந்தது. இடம்பெயர்ந்தோர் ஒரு லட்சத்துக்கும் அதிகம். கோத்தா திங்கி நகரம் ஒரே பருவத்தில் இருமுறை மூழ்கியது. காப்புறுதிக் கணக்கில் இது முக்கியமானது. இழப்பீடு பெற்ற பிறகு, பெற்ற அளவுக்குக் காப்புறுதித் தொகை குறைந்துவிடும் என்பது பல பாலிசிகளின் நிபந்தனை. கூடுதல் பிரீமியம் கட்டித் தொகையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால்தான் இரண்டாவது வெள்ளத்துக்கு முழுப் பாதுகாப்பு இருக்கும். தண்ணீர் வடிந்த வாரத்தில் இது யாருக்கும் நினைவுக்கு வராது. சில நிறுவனங்கள் இதைத் தாமாகவே செய்து, பிரீமியத்தைப் பிறகு கழித்துக்கொள்கின்றன. வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது.

2023 மார்ச் மாதம் வந்த வெள்ளம் வேறு வகை. பருவமழை ஓயும் நேரத்தில் வந்து, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நிவாரண மையங்களுக்கு அனுப்பியது. யோங் பெங், சாஆ, பத்து பகாட் வட்டாரங்களில் தண்ணீர் வந்த வேகத்தில் போகவில்லை. சிம்பாங் கிரி, சிம்பாங் கானான் என்ற இரு ஆறுகள் கூடிப் பத்து பகாட் ஆறாகிக் கடலை அடையும் தாழ்நிலம் அது. கடல் ஏற்றத்தில் இருக்கும்போது ஆற்றுக்குப் போக்கிடம் இல்லை. நாள்கணக்கில் நின்ற தண்ணீர் செய்யும் சேதமும் வேறு. ஒரு நாள் நனைந்த செங்கல் சுவர் காய்ந்துவிடும். ஒரு வாரம் நனைந்தால் பூச்சு உப்பிக்கொண்டு வரும், மின்கம்பிகளை மாற்ற வேண்டியிருக்கும், பலகைத்தூளை அழுத்திச் செய்த சமையலறை அலமாரி ஊறி, கதவு கீலோடு கழன்று விழும். குடும்பம் வேறு இடத்தில் வாடகைக்கு இருக்க நேரும். வீட்டு உரிமையாளர் பாலிசியில் வாடகை இழப்புக்கு வழக்கமாகக் காப்புறுதித் தொகையில் 10 விழுக்காடு வரை இடம் உண்டு. பத்து பகாட் வட்டாரத்தில் வீடு வைத்திருப்பவருக்கு இந்த ஒரு வரி, பிரீமியத்தில் கிடைக்கும் சிறு தள்ளுபடியைவிட மதிப்புள்ளது.

ஆற்றங்கரையில் வீடு இல்லை என்பதால் கவலை இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. 2025 மார்ச்சில் ஜொகூர் பாருவின் பல தாமான்களில் தண்ணீர் புகுந்தது. நகரத்தில் வெள்ளத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் சாலையோரக் கால்வாய். பாலிசியில் வெள்ளத்துக்குத் தரப்படும் வழக்கமான விளக்கம் இதையும் உள்ளடக்குகிறது: இயற்கை அல்லது செயற்கை நீர்வழிகள் கரை கடப்பது, பொதுக் குடிநீர்க் குழாய் வெடிப்பது, கட்டடத்துக்கு வெளியிலிருந்து வந்து தேங்கும் எந்தத் தண்ணீரும் வெள்ளமே. கூரை ஓடு விரிசல் விட்டு மழை உள்ளே ஒழுகினால் அது வெள்ளம் ஆகாது. காற்றின் நேரடி வேகத்தில் கூரையோ சுவரோ முதலில் உடைந்து, அந்தத் திறப்பின் வழியே மழை புகுந்தால் மட்டுமே புயற்காற்றுப் பிரிவில் இழப்பீடு உண்டு. பராமரிக்காத கூரைக்கு எந்த நிறுவனமும் பணம் தராது.

புயல் நம் பக்கம் வராது என்பது மலேசியர்களின் பழைய நம்பிக்கை. பூமத்திய ரேகைக்கு அருகில் சூறாவளி சுழலாது என்று பாடப்புத்தகங்களும் சொல்லிவந்தன. 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற சூறாவளி ஜொகூரின் தென்கிழக்கில் கரை கடந்தது. அது உருவானது ஏறத்தாழ 1.4 பாகை வட அட்சத்தில். பூமத்திய ரேகைக்கு அவ்வளவு அருகில் அத்தகைய சூறாவளி அதற்குமுன் பதிவானதே இல்லை. அதன் மழையில் புலாய் மலையில் மண்ணும் பாறையும் சரிந்து ஐந்து பேர் உயிரிழந்தனர். வீட்டு உரிமையாளர் பாலிசியில் புயற்காற்று சேர்ந்தே வருகிறது. நிலச்சரிவும் நிலம் அமிழ்வதும் சேர்ந்து வருவதில்லை. வெள்ளத்தோடு சேர்ந்து மண் சரிந்தாலும், சரிவால் ஏற்பட்ட சேதத்துக்குத் தனியாகப் பணம் கட்டி அதைச் சேர்த்திருக்க வேண்டும். மலையடிவாரத்திலும் வெட்டி நிரப்பிய மேட்டிலும் வீடு இருப்பவர்கள் இந்தக் கூடுதல் செலவைத் தவிர்க்கக் கூடாது. சமதளத்தில் உள்ளவர்களுக்கு அது வீண் செலவு. நிலநடுக்கமோ, புயற்காற்றைப் போல, பாலிசியின் அடிப்படைப் பட்டியலிலேயே இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 24 காலை சிகாமட்டில் 4.1 அளவில் பூமி அதிர்ந்தபோதுதான் அந்த வரி எதற்கு என்று பலருக்கும் புரிந்திருக்கும்.

இனிப் பாலிசிகள். முகவர்கள் ‘ஹவுஸ்ஓனர்’ என்று சொல்லும் வீட்டு உரிமையாளர் பாலிசி கட்டடத்துக்கு உரியது: தீ, மின்னல், வெடிப்பு, வாகனம் மோதுதல், தண்ணீர்த் தொட்டி உடைதல், பூட்டை உடைத்துத் திருடுதல், புயற்காற்று, நிலநடுக்கம், வெள்ளம் எல்லாம் அதில் அடக்கம். ‘ஹவுஸ்ஹோல்டர்’ என்பது வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கு; ஆபத்துப் பட்டியல் ஏறக்குறைய அதேதான். வெறும் தீக் காப்புறுதியோடு வெள்ளத்தை மட்டும் தனியாகச் சேர்த்துக்கொள்ளவும் முடியும். ஆனால் வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் மொத்தப் பிரீமியம் ஹவுஸ்ஓனர் பிரீமியத்தை நெருங்கிவிடலாம். இரண்டுக்கும் விலை கேட்டுப் பார்ப்பதே முறை.

வீட்டுக் காப்புறுதியிலேயே வெள்ளமும் அடங்கும் மலேசிய வசதியின் அருமை வெளிநாடுகளைப் பார்த்தால் தெரியும். அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்புறுதி வெள்ளத்தை ஏற்பதில்லை. 1968இல் கூட்டரசு தொடங்கிய தனித் திட்டத்தில் சேர வேண்டும், அதிலும் பொதுவாக 30 நாள் காத்திருப்பு. பிரிட்டனில் 2016இலிருந்து காப்புறுதி நிறுவனங்கள் கூடி நடத்தும் ஒரு நிதி வெள்ள அபாய வீடுகளின் சுமையைத் தாங்குகிறது. மலேசியாவில் அப்படியொரு பொதுநிதி இல்லாததால், அடிக்கடி மூழ்கும் முகவரியை ஒரு நிறுவனம் ஏற்கலாம், இன்னொன்று மறுக்கலாம். முதலில் மறுத்தவரோடு முயற்சியைக் கைவிடக் கூடாது.

வெள்ளம் வந்தால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணமும் வேரூன்றியிருக்கிறது. அண்மை ஆண்டு வெள்ளங்களில் பாதிக்கப்பட்ட குடும்பம் ஒன்றுக்குக் கூட்டரசு வழங்கிய கருணைத் தொகை 1,000 ரிங்கிட். அவசரத்துக்கு அது பெரிய உதவிதான். ஆனால் ஒரு சலவை இயந்திரம், ஒரு மெத்தை வாங்கினால் அது தீர்ந்துவிடும். 2021 இறுதியில் நாடு முழுவதும் ஏற்பட்ட வெள்ள இழப்பைப் புள்ளிவிவரத் துறை 610 கோடி ரிங்கிட் என்று கணித்தது. அதில் வீடுகளுக்கு மட்டும் ஏறத்தாழ 160 கோடி.

பிரீமியத்தைத் தீர்மானிப்பதில் முதலிடம் காப்புறுதித் தொகைக்கு. பெரும்பாலான தவறுகள் நடப்பதும் இங்கேதான். வீட்டின் சந்தை விலையில் நிலத்தின் விலையும் அடங்கியிருக்கிறது. வெள்ளம் நிலத்தைக் கொண்டுபோவதில்லை. காப்புறுதி செய்ய வேண்டியது, இடிந்த கட்டடத்தை இன்றைய கூலியிலும் சிமெண்டு விலையிலும் திரும்பக் கட்டும் செலவு. ஜொகூர் பாருவில் 5 லட்சம் ரிங்கிட்டுக்கு வாங்கிய வரிசை வீட்டைத் திரும்பக் கட்ட 3 லட்சம் போதும் என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சத்துக்குக் காப்புறுதி எடுத்தவர் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்குரிய பிரீமியத்தை வீணாகக் கட்டுகிறார். இழப்பீடு கிடைக்கும்போது 3 லட்சத்துக்கு மேல் வரப்போவதில்லை.

எதிர்த் தவறு இதைவிட ஆபத்தானது. இருபது ஆண்டுகளுக்கு முன் கடன் வாங்கியபோது இருந்த 1,50,000 ரிங்கிட்டையே தொகையாக வைத்துப் புதுப்பித்துக்கொண்டே வருபவர்கள் உண்டு. அதே வீட்டைத் திரும்பக் கட்ட இன்று 3 லட்சம் ஆகும் என்றால், அவர் பாதிக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறார். மறுபாதிக்கு அவரே காப்புறுதியாளர் என்பது பாலிசியின் கணக்கு. வெள்ளத்தில் 40,000 ரிங்கிட் சேதம் என்றால் கிடைப்பது 20,000. தொகை 1,50,000 இருக்கிறதே, 40,000 அதற்குள்தானே அடங்குகிறது என்ற வாதம் எடுபடாது. பகுதிச் சேதத்திலும் இந்த விகிதக் குறைப்பு உண்டு என்பதைப் பலர் இழப்பீட்டுக் கடிதம் வந்த பிறகே அறிகிறார்கள். மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கமான பியாமின் இணையதளத்தில் கட்டுமானச் செலவைக் கணிக்கும் வசதி இருக்கிறது. வீட்டின் வகை, இடம், பரப்பளவு தெரிந்தால் ஒரு தோராயத் தொகை கிடைத்துவிடும்.

கணக்கில் விட்டுப்போவது பெரும்பாலும் பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறையும் வாசலில் போட்ட கார் கொட்டகையும். மேம்பாட்டாளர் கொடுத்த அளவிலேயே வீட்டை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் ஜொகூரில் அபூர்வம். சுவரோடு பொருத்திய அலமாரி, தரையில் பதித்த ஓடு, கூடுதல் அறை எல்லாவற்றின் செலவும் கட்டடத் தொகையில் சேர வேண்டும். கட்டுமான வகையையும் உள்ளபடி சொல்ல வேண்டும். முழுச் செங்கல் வீட்டுக்கு ஒரு விகிதம். கீழே செங்கல், மேலே பலகை என்று இருக்கும் வீட்டுக்கு அதைவிடக் கூடுதல். பழைய தோட்டப்புறங்களை ஒட்டிய கம்போங் வீடுகள் பல இந்த இரண்டாம் வகை. கேட், வேலி, வெயில் மறைப்பு ஆகியவை புயற்காற்றுப் பிரிவில் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும்.

பொருள்களுக்கான பாலிசியில் நம் குடும்பங்களைக் குறிவைத்தே எழுதியது போன்ற ஒரு விதி இருக்கிறது. தங்கம், வெள்ளி, நகை எல்லாம் சேர்ந்து மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தனித்துக் குறிப்பிடாத எந்த ஒரு பொருளும், மேசை நாற்காலி, தொலைக்காட்சி போன்றவை தவிர, தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 40,000 ரிங்கிட்டுக்குப் பாலிசி எடுத்தால் ஒரு நகைக்கு உச்சவரம்பு 2,000. இன்றைய தங்க விலையில் ஒரு தாலிக்கொடி அதற்குள் அடங்காது. நகையைப் பாலிசிக்குள் கொண்டுவர ரசீதோடு தனியாகப் பட்டியலிட வேண்டும், பிரீமியமும் ஏறும். நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, பாலிசித் தொகையை நனைந்தால் கெடும் பொருள்களின் மதிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வது மலிவான வழி. வெள்ள எச்சரிக்கை வந்ததும் குடும்பத் தலைவி முதலில் எடுத்து இடுப்பில் முடிவது நகையைத்தான். தூக்க முடியாமல் விட்டுப் போவது சலவை இயந்திரத்தை.

சிங்கப்பூரில் வேலை பார்த்து, ஜொகூர் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. ஒரு காப்புறுதி ஆண்டில், தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ, 90 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் திருட்டுக்கான பாதுகாப்பு அந்தக் கூடுதல் நாள்களுக்கு நின்றுவிடும் என்பது வழக்கமான நிபந்தனை. நிறுவனத்திடம் எழுத்து மூலம் முன்கூட்டியே அனுமதி பெறலாம். வீட்டை வாடகைக்கு விட்டவர் கட்டடத்துக்கு மட்டும் எடுத்தால் போதும். பொருள்களுக்கான பாலிசி வாடகைக்காரர் பொறுப்பு. அடுக்குமாடியில் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி கட்டடத்துக்கு நிர்வாகக் குழுவே காப்புறுதி எடுக்கிறது. அந்தப் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் தனியாக இன்னொரு கட்டடப் பாலிசி எடுப்பது ஒரே சுவருக்கு இருமுறை பணம் கட்டுவதாகும். உள்ளே செய்த சீரமைப்பும் பொருள்களும் மட்டுமே குடியிருப்பவர் கவனிக்க வேண்டியவை.

2016 ஜூலை முதல் தீக் காப்புறுதியின் கட்டண விதிகள் படிப்படியாகத் தளர்ந்துவருகின்றன. அதற்குமுன் எந்த நிறுவனத்திடம் போனாலும் ஒரே கட்டணம். இப்போது விலையும் நிபந்தனையும் மாறுபடுகின்றன. ஒப்பிடுவதில் பயன் இருக்கிறது என்பது இதன் நல்ல பக்கம். மலிவின் காரணம் சிறு எழுத்தில் ஒளிந்திருக்கலாம் என்பது மறுபக்கம். பழைய பொது வாசகத்தில் வெள்ளச் சேதத்தில் வீட்டுக்காரர் முதலில் தாங்க வேண்டிய சுயபங்கு, தொகையில் 1 விழுக்காடு அல்லது 200 ரிங்கிட், இவற்றில் எது குறைவோ அது. புதிய திட்டங்களில் இந்தப் பங்கு கூடியிருக்கலாம். வெள்ளத்துக்கு மட்டும் தனி உச்சவரம்பும் இருக்கலாம். ‘வெள்ள நிவாரணத் தொகை’ என்ற பெயரில் சில நூறு ரிங்கிட் தரும் திட்டத்தை வெள்ளக் காப்புறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒப்பிடும்போது தொகை, ஆபத்துப் பட்டியல், சுயபங்கு மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் விலை வித்தியாசத்துக்குப் பொருள் உண்டு. 8 விழுக்காடு சேவை வரியும் 10 ரிங்கிட் முத்திரை வரியும் பொதுவாகச் சேரும். இஸ்லாமிய முறையிலான தக்காஃபுல் திட்டங்கள் எல்லா மதத்தினருக்கும் திறந்தவை. அவற்றிலும் விலை கேட்கலாம்.

செலவைக் குறைக்க வேண்டியவர், கூடாத இடத்தில் கைவைக்காமல் இருப்பது முக்கியம். வெள்ளத்தை நீக்கினால் பிரீமியம் குறையும். ஜொகூரில் அப்படிக் குறைத்த பாலிசிக்கு அதிகப் பயனில்லை. தொகையைப் பாதியாக்குவதும் அப்படித்தான். நில விலையை நீக்குவது, நகையை விலக்குவது, தேவையற்ற நிலச்சரிவுச் சேர்க்கையைத் தவிர்ப்பது, சேமிப்பு இருந்தால் சுயபங்கைச் சற்றே உயர்த்திக்கொள்வது ஆகியவைதான் வலிக்காத சிக்கனம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக பேங்க் நெகாராவும் காப்புறுதித் துறையும் 2017இல் தொடங்கிய பெர்லிண்டுங்கான் தெனாங் என்ற முத்திரையின் கீழ் எளிய, சிறு பிரீமியத் திட்டங்கள் கிடைக்கின்றன. தொகை சிறியதுதான். முழு வீட்டையும் திரும்பக் கட்ட அது உதவாது என்றாலும் காப்புறுதியே இல்லாத நிலையைவிட அது மேல்.

விண்ணப்பத்தில் முன்பு வெள்ளம் வந்ததா என்று கேட்டிருந்தால் வந்ததை வந்ததென்றே எழுத வேண்டும். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மையான பதில் தருவது தனிநபர் காப்புறுதி எடுப்பவரின் கடமை. தெரிந்தே மறைத்தால் பாலிசியே செல்லாமல் போகக்கூடும். எடுக்கும் காலமும் முக்கியம். ஆற்றின் நீர்மட்டம் அபாய அளவைத் தொட்ட பிறகு முகவரைக் கூப்பிட்டுப் பயனில்லை; அக்டோபருக்குள் முடித்துவிட வேண்டும். வீட்டுக் கடன் அடைந்ததும் வங்கி வழியே போய்க்கொண்டிருந்த பாலிசி புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடும். கடனற்ற வீடு என்று மகிழும் ஆண்டில்தான் பல வீடுகள் காப்புறுதியும் அற்றுப்போகின்றன.

வெள்ளம் வந்துவிட்டால், வீடு திரும்பியதும் துடைப்பத்தை எடுப்பதற்கு முன் கைப்பேசியை எடுக்க வேண்டும். சுவரில் சேறு விட்டுப்போன கோடு தெரியும்படி, பக்கத்தில் ஓர் அளவுநாடாவைப் பிடித்து ஒவ்வோர் அறையாகப் படம் எடுப்பது நல்லது. மின்பொருள்களின் பின்புறத்தில் இருக்கும் வரிசை எண் ஒட்டுச்சீட்டையும் படம் எடுக்க வேண்டும். மின்சாரப் பெட்டியைத் தகுதி பெற்ற மின்பணியாளர் பார்க்கும் முன் சுவிட்சைத் தொடக் கூடாது. நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி, இழப்பு மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை பெரிய பொருள்களை எறியாமல் வாசலில் வைக்கலாம். நாறி, நோய் பரப்பும் நிலையில் இருந்தால் படமெடுத்துவிட்டு எறியலாம் என்று நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்வது பாதுகாப்பு. போலீஸ் புகார், பழைய ரசீதுகள், பழுதுபார்ப்போரின் விலைப்பட்டியல் ஆகியவை கேட்கப்படலாம். ரசீது நனைந்துபோயிருந்தால் கடன் அட்டைக் கணக்கும் வீட்டு விசேஷப் படங்களும்கூடச் சான்றாக உதவும்.

இழப்பீடு மறுக்கப்பட்டாலோ குறைக்கப்பட்டாலோ முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, அதன் இறுதி முடிவைக் கடிதமாகப் பெற வேண்டும். அதிலும் நிறைவில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைகள் குறைதீர்ப்புச் சேவைக்குப் போகலாம். நிதிச் சேவைகளுக்கான குறைதீர்ப்பு மன்றமும் மூலதனச் சந்தைத் தகராறுகளைக் கவனித்த அமைப்பும் இணைந்து 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் அமைப்பு இது. காப்புறுதித் தகராறில் 2,50,000 ரிங்கிட் வரை அது விசாரிக்கும். பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. அதன் தீர்ப்பைப் பயனீட்டாளர் ஏற்றால் நிறுவனமும் கட்டுப்பட வேண்டும். ஏற்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை அவருக்கு அப்படியே இருக்கிறது.